வெள்ளைக் கொடி எங்கள் லயத்துக்குத் திரும்பியது

எங்கள் தோட்டத்துக்கு ஓர் இளவரசி வந்தாள் என்றால் வெளியாட்கள் சிரிப்பார்கள். ஆனால் உண்மை. எல்கடுவ மலையில், கொழுந்து பறிக்கப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவுக்கு அவளுடைய நாடுதான் புதுக் கூரை போட்டுக் கொடுத்தது. அதைப் பார்க்க வந்தவள் குழந்தைகளோடு தரையில் உட்கார்ந்து பிளேன்டீ குடித்தாள். அன்றிலிருந்து அவள் எங்கள் வீட்டுப் பிள்ளை. தகப்பனுக்குப் பிறகு அவள்தான் அரசி என்பது எங்கள் லயத்து வரிசை வீடுகளில் உள்ள சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பிரதேச சபையில் நமக்கு யார் இருக்கிறார் என்று கேட்டால்தான் முழிப்பார்கள்.

அவள் தலைப்பிரசவத்தில் இறந்துவிட்டாள் என்று ஒரு வியாழக்கிழமை காலை டிவியில் சொன்னார்கள். குழந்தையும் தங்கவில்லை. எனக்கு அழுகை வரவில்லை, உள்ளே எட்டிப் பார்த்தேன். உள்ளறையில் என் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். அவளும் தலைப்பிரசவத்துக்குத்தான் என்னிடம் வந்திருந்தாள். எட்டு மாதம். வயதும் கிட்டத்தட்ட இளவரசியின் வயதுதான்.

வாயும் வயிறுமாக இருப்பவள் காதில் சாவுச் செய்தி விழக்கூடாது என்பார்கள். இது சாதாரணச் சாவா? டிவி வயரைப் பிடுங்கி என் கைப்பையில் போட்டுக்கொண்டேன். டீச்சர் செய்கிற வேலையா இது என்று கேட்காதீர்கள், பெற்றவளுக்குத்தான் தெரியும். எழுந்து வந்தவளிடம் "டிவி பழுது" என்றேன். அவள் ஃபோனில் டேட்டாவும் இல்லை. அந்தத் தைரியத்தில் உக்குவளைப் பள்ளிக்கூடத்துக்கு பஸ் ஏறினேன்.

இடைவேளையில் அவளுக்கு மூன்று முறை ஃபோன் அடித்தேன். எடுக்கவில்லை. பாடம் நடத்தியதெல்லாம் வாய் மட்டும்தான். அரை நாள் லீவு சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

எங்கள் பக்கத்தில் சாவு வீட்டுக்கு யாரிடமும் வழி கேட்க வேண்டியதில்லை. பெரிய ரோட்டிலிருந்து அந்த வாசல்வரை வெள்ளைக் கொடி கட்டியிருக்கும். பஸ்ஸை விட்டு இறங்கினால், கொடிகள் எங்கள் லயத்துப் பாதையில் திரும்பியிருந்தன. தூரத்தில் சாவுக்குத் தப்பு அடிக்கிற சத்தம். எங்கள் லயத்தைத் தாண்டித்தான் பிள்ளைக் காம்பரா இருக்கிறது என்பது அந்த நேரத்தில் புத்தியில் உறைக்கவில்லை. ஓடினேன். ஒரு செருப்பு எங்கே போனதென்று தெரியாது.

வீடு பூட்டியிருந்தது. கூட்டமெல்லாம் பிள்ளைக் காம்பரா வாசலில், மாலை போட்ட இளவரசி படத்துக்கு முன்னால் நின்றது. நான் அலறிக்கொண்டே போய் விழுந்தேன்.

"பாவம் டீச்சரு, எப்பிடி அழுவுறாங்க பாருங்க. அவங்களுக்கு கொஞ்சம் தண்ணி குடுங்க" என்றாள் ஒருத்தி.

"எம் மக எங்கடி?"

அவள் கை காட்டினாள். முன்வரிசை நாற்காலியில், வெள்ளைச் சேலையில், வயிற்றைப் பிடித்துக்கொண்டு என் மகள் உட்கார்ந்திருந்தாள். உயிர் வந்தது. கூடவே கோபமும் வந்தது.

"புள்ளத்தாச்சி சாவுல வந்து ஒக்காரலாமா? யாரு சொன்னா ஒனக்கு?"

"கொடிக்குத் துணி கேட்டு வந்தாங்க, அவங்கதான் சொன்னாங்க. நீங்க வயர எடுத்துக்கிட்டுப் போனப்பவே ஏதோ இருக்குன்னு நெனச்சேம்மா."

என் கையைப் பிடித்து எழுந்தாள். காதோரம் கேட்டாள்: "அவங்களச் சுத்தி எத்தன டாக்டருங்க நின்னிருப்பாங்க? எனக்கு?"

எங்கள் டிஸ்பென்சரியில் காய்ச்சல் மாத்திரைதான் உண்டு. அம்புலன்ஸ் மாத்தளையிலிருந்து மலையேறி வரவேண்டும், மழையென்றால் பாதி வழியில் நின்றுவிடும்.

"அடுத்த வாரம் மாத்தளைக்குப் போயி சின்னம்மா வீட்டுல தங்கிக்குவோம்" என்றேன்.

"இன்னைக்கே போவோம்மா."

துணி எடுத்துவைக்க வீட்டுக்குப் போனோம். அவள் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு பையை இழுத்தாள். கிளினிக்கில் பதிகிற கொப்பி, குழந்தைத் துணி, டோர்ச் லைட், எனக்கு ஒரு மாற்றுச் சேலை. எல்லாம் மடித்து அடுக்கியிருந்தது.

"இத எப்ப கட்டின? காலையிலயா?"

அவள் என்னைப் பார்க்காமல் ஜிப்பை இழுத்து மூடினாள்.

"போன மாசமேம்மா" என்றாள்.