பிறப்புச் சூராட்டில் இருந்த பெயர்

"உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம்" என்று பிள்ளைகளைச் சீண்டாத தமிழ் வீடு உண்டா? அழுகிற பிள்ளை இன்னும் கொஞ்சம் அழும், பிறகு மறந்துவிடும். என் விஷயத்தில் அது கேலி இல்லை, நிஜமாகவே நடந்தது. எனக்கு முன்னால் பிறந்த இரண்டும் நாற்பது நாளைத் தாண்டவில்லை. மூன்றாவதாக நான் வந்ததும், என்னை முறத்தில் போட்டு, வீட்டுக்குப் பின்னால் இருந்த குப்பைமேட்டில் கொண்டுபோய் வைத்து, பக்கத்து வீட்டுப் பெரியம்மாவிடம் ஒரு படி தவிட்டுக்கு விற்றுவிட்டார்கள். இப்படி விற்றுவிட்டால், இது அந்த வீட்டுப் பிள்ளை இல்லை போலிருக்கிறது என்று எமன் ஏமாந்து திரும்பிவிடுவானாம். பெரியம்மா என்னை மூன்று நாள் தன் வீட்டில் வைத்திருந்தாள். பால் குடிக்க மட்டும் அம்மாவிடம் தூக்கிக்கொண்டு வருவாள். நான்காம் நாள், "இந்தா, என் பிள்ளையை வளர்த்துக் குடு" என்று சொல்லி அம்மாவின் மடியிலேயே போட்டுவிட்டாள். அதுதான் முறை.

பெரியம்மா என்றால் இரத்த சொந்தம் இல்லை. மலாயாவில், ஜொகூர் பாருவில், சர்க்கார் வேலைக்காரர்களுக்குக் கட்டிய வரிசை வீடுகளில், லயத்தில், எங்களுக்கு அடுத்த கதவு. அம்மா அவளை அக்கா என்று கூப்பிட்டதால் எனக்குப் பெரியம்மா. அவள் புருஷன், அதாவது பெரியப்பா, டவுன் போர்டில் ரோட்டுக்குத் தண்ணீர் தெளிக்கிற மாட்டுவண்டி ஓட்டினார். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அதைப் பற்றி அந்த வீட்டில் யாரும் பேசி நான் கேட்டதில்லை.

அப்பா நில ஆபீசில் பியூன். அவருக்கு இரண்டு தெய்வங்கள். ஒன்று ஊரிலிருந்து படமாகக் கொண்டுவந்த முருகன், இன்னொன்று சர்க்கார். ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குக் கட்டுக் கட்டாகக் காகிதம் சுமந்து சுமந்து, அந்த மேசைகளுக்குப் பின்னால் உட்கார்ந்து எழுதுகிறவர்கள்மேல் அவருக்கு ஒரு பிரமிப்பு. தன் மகனும் ஒருநாள் அப்படி உட்கார்ந்து எழுத வேண்டும், இன்னொருத்தர் காகிதம் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். அதற்கு இங்கிலீஷ் பள்ளிக்கூடம் போக வேண்டும். லயத்துப் பிள்ளைகள் யாரும் அந்தப் படியை மிதித்ததில்லை. அப்பா ஒரு வருஷம் அலைந்து, தன் ஆபீசில் இருந்த பெரிய கிராணியை, அதாவது தலைமைக் குமாஸ்தாவை, பிடித்துச் சொல்லவைத்து, எனக்கு ஓர் இடம் பிடித்துவிட்டார். முப்பதுகளின் நடுவில் ஒரு பியூனுக்கு அது லேசான காரியம் இல்லை. எனக்கு வயது வேறு தாண்டப் போகிறது. இந்த வருஷம் விட்டால் பிறகு சேர்க்கமாட்டார்கள்.

பள்ளிக்கூடத்தில் என் பிறப்புப் பத்திரத்தைக் கேட்டார்கள். அதை நாங்கள் சூராட்டு என்போம். மலாய்க்காரர்கள் வாயிலிருந்து எங்கள் வாய்க்கு வந்த சொல். டிரங்குப் பெட்டியின் அடியில் கற்பூர வாசனையோடு கிடந்த சூராட்டை அப்பா இரண்டு கையாலும் நீட்டினார். அங்கே இருந்த கிராணி ஒரு தமிழர். படித்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"இந்தப் பையனோட அப்பா வரலையா?"

"நாந்தாங்க."

"உங்க பேரு இதுல இல்லையே. இது யாரு?"

அவர் படித்த பெயரைக் கேட்டதும் அப்பா நிம்மதியாகத் தலையாட்டினார். "அது பக்கத்து வீட்டுக்காரருங்க. சரியாத்தான் எழுதியிருக்காங்க."

கிராணி எங்களை ஒரு மாதிரி பார்த்தார். எழுந்து உள்ளே போய்த் தலைமை ஆசிரியரைக் கூட்டிவந்தார். வெள்ளைக்காரர், பொறுமையான மனுஷர். கிராணி சொன்னதைக் கேட்டுவிட்டு, சூராட்டைக் கோர்ட்டில் திருத்திக்கொண்டு வியாழக்கிழமைக்குள் வரவேண்டும், இல்லாவிட்டால் இடம் பட்டியலில் அடுத்து நிற்கிற பையனுக்குப் போய்விடும் என்று சொல்லியனுப்பினார். அன்று திங்கட்கிழமை.

வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் அம்மா அப்பாவைப் பிடித்துக்கொண்டாள். அப்போதுதான் முழுக்கதையும் வெளியே வந்தது. என் பிறப்பைப் பதிவுசெய்ய அப்பா போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனது, என்னை விற்ற இரண்டாம் நாள். துணைக்குப் பெரியப்பாவும் போயிருக்கிறார். அங்கே எழுதுகிறவர், "அனாக் சியாப்பா?" என்று கேட்டிருக்கிறார், யார் பிள்ளை என்று. அப்பா பெரியப்பாவைக் காட்டி, "அனாக் டியா", அவர் பிள்ளை, என்று சொல்லிவிட்டார். தாய் பெயர் கேட்டபோது பெரியம்மா பெயர். பெரியப்பாவும் வாயைத் திறக்கவில்லை. முறைப்படி வாங்கியாயிற்றே, அவர் என்ன சொல்வார்?

"வித்தது சாமிக்காக! அத ஏன் சர்க்கார்கிட்டப் போய்ச் சொன்னீங்க?" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

"சாமிகிட்ட ஒரு பேச்சு, சர்க்கார்கிட்ட ஒரு பேச்சா?" என்றார் அப்பா. "எமன் ஆளு அந்தப் பேப்பரப் பாக்க மாட்டான்னு என்ன நிச்சயம்? பையன் இன்னைக்கு உசிரோட நிக்கிறான்ல?"

அம்மா என்னை இழுத்துத் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டாள்.

சத்தம் கேட்டுப் பெரியம்மா வந்து நின்றாள். விஷயத்தைக் கேட்டுச் சிரித்தேவிட்டாள். "இதுக்கா இவ்ளோ பாடு? நானும் அவரும் பள்ளிக்கூடத்துக்கு வந்து எங்க புள்ளதான்னு சொல்லிட்டாப் போச்சு. ஒரு நிமிஷ வேலை" என்றாள். எனக்கு ஒரே குஷி. எவ்வளவு சுலபமான வழி! அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அது சட்டென்று இறுகிப்போயிருந்தது. "வேணாங்கக்கா. திருத்தியே எழுதிக்குவோம்" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

அன்று சாயங்காலமே அப்பா கோட்டை மாட்டிக்கொண்டு என்னையும் இழுத்துக்கொண்டு மெம்பர் வீட்டுக்குப் புறப்பட்டார். மெம்பர் என்றால் டவுன் போர்டில் இந்தியர்களுக்காக உட்கார்ந்திருந்தவர். நமக்காகப் பேச நம் ஆள் என்று லயத்தில் எல்லோரும் பெருமையாகச் சொல்வார்கள். அவரை யார் தேர்ந்தெடுத்தது என்று கேட்டுவிடாதீர்கள். சர்க்கார்தான் நியமித்தது. லயத்தில் பாதிப்பேர் அவரைக் கண்ணால் பார்த்ததுகூட இல்லை. துணிக்கடை வைத்திருந்த முஸ்லிம் பெரியவர், கடற்கரை ஊர்க்காரர். நல்ல மனுஷர், அதையும் சொல்லிவிட வேண்டும். எங்களை உட்காரச் சொல்லி, காப்பி கொடுத்து, முழுக் கதையையும் கேட்டார்.

"ஏம்ப்பா, சர்க்கார் ஆபீஸ்ல வேலை பாக்குற ஆளு நீ. சர்க்கார் பேப்பர்ல பொய் எழுதலாமா?"

"பொய் இல்லீங்க. அப்ப வித்திருந்தோம்ங்க."

மெம்பர் வயிறு குலுங்கச் சிரித்தார். "சரக்கத் திருப்பி எடுத்தப்ப அதையும்ல போய் எழுதியிருக்கணும்!" என்றார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு வேலையைப் பார்த்தார். தலைமை ஆசிரியருக்கு ஒரு கடிதம், கோர்ட்டுக்கு ஒரு கடிதம். சூராட்டில் பெயர் இருக்கிற இரண்டு பேரும், பெற்றவர்கள் இரண்டு பேரும் மேஜிஸ்திரேட் முன்னால் நின்று சத்தியம் செய்ய வேண்டும், நாலில் ஒருத்தர் வராவிட்டாலும் காரியம் நடக்காது என்று விளக்கிச் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை பெரியம்மாவுக்குத் தலைவலி. எழுந்திருக்கவே முடியவில்லை என்றாள். அப்பா ஆபீசில் கெஞ்சி வாங்கிய அரை நாள் லீவு வீணாய்ப் போனது. புதன்கிழமை அவள் வீட்டுக் கதவு பூட்டியிருந்தது. யாரிடமும் சொல்லாமல் கோயிலுக்குப் போய்விட்டு, கோர்ட்டு மூடின பிறகு திரும்பிவந்தாள். எனக்குக் கொழுக்கட்டை கொண்டுவந்து கொடுத்தாள். நான் வாங்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். எனக்கு அவள்மேல் அப்படி ஒரு கோபம். புதுச் சட்டை தைத்து ஆணியில் தொங்குகிறது, சிலேட்டு வாங்கியாயிற்று, லயம் முழுக்கப் பீற்றிக்கொண்டாயிற்று. இவள் ஒருத்தி வராததால் எல்லாம் போகப்போகிறது.

வியாழக்கிழமை காலையில் அப்பா வாசலில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தார். அம்மா பக்கத்து வீட்டுக்குள் போனாள். லயத்து வீடுகளுக்கு நடுவே வெறும் பலகைச் சுவர்தான். அதுவும் கூரைவரை எட்டாது. அந்தப் பக்கம் பேசுவது அப்படியே கேட்கும்.

"ஏங்கக்கா இப்படிப் பண்றீங்க? புள்ள படிப்புப் போயிரும்க்கா."

"நாந்தான் பள்ளிக்கூடத்துல வந்து சொல்றேன்னேனே. நீதானே வேணாங்குற."

"பெத்தவ நான் இருக்கேன்ல."

"பெத்தவ நீதான்டி. அத யாரு இல்லேங்குறா? ஊருக்கே தெரியும். அந்தச் சூராட்டுல மட்டும் நான் இருந்துட்டுப் போறேனே. உனக்கென்னடி குறைஞ்சுபோகுது?"

பிறகு இரண்டு பேரும் அழுவது கேட்டது. எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. மணி ஒன்பதாகிறது, பள்ளிக்கூடத்தில் ஆபீசை ஒரு மணிக்கு மூடிவிடுவார்கள், இப்போது உட்கார்ந்து அழுகிற நேரமா? அரைமணி கழித்துப் பெரியம்மா வெளியே வந்தாள். தீபாவளிக்கு மட்டும் எடுக்கிற பட்டுப்புடவையைக் கட்டியிருந்தாள். கோர்ட்டுக்குப் போக எதற்கு இந்த அலங்காரம் என்று பெரியப்பாவே கேட்டார். அவள் கொசுவத்தைச் சரிசெய்துகொண்டு முன்னால் நடந்தாள்.

கோர்ட்டில் எங்கள் முறை வரப் பதினொன்றரை ஆகிவிட்டது. மேஜிஸ்திரேட் ஒரு மலாய்க்காரர். எல்லோரும் அவரைத் துவான், அதாவது ஐயா, என்று கூப்பிட்டார்கள். கீழே ஒரு தமிழ்த் துபாஷி நின்று, அவர் கேட்பதைத் தமிழில் சொல்லி, நாங்கள் சொல்வதை அவருக்குச் சொன்னார். அப்பா சத்தியம் செய்தார், அம்மா செய்தாள். பெரியப்பா, "என் புள்ள இல்லீங்க, முறைக்கு வாங்கினதுங்க" என்றார். கடைசியாகப் பெரியம்மாவைக் கூப்பிட்டார்கள்.

"அம்மா, சத்தியமாச் சொல்லணும். இந்தப் பையன் நீங்க பெத்த பிள்ளையா?"

பெரியம்மா என்னைப் பார்த்தாள். துபாஷி இன்னொரு தடவை கொஞ்சம் சத்தமாகக் கேட்டார். அவள் உதடு அசைந்தது, குரல் வரவில்லை. மேஜிஸ்திரேட் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அடடா, பன்னிரண்டாகப் போகிறது! அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். எனக்குப் பொறுக்கவில்லை. அந்த ஹாலே கேட்கும்படி கத்தினேன்.

"இல்லீங்க! நான் இவங்க புள்ள இல்லீங்க!"

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். வாசலில் நின்ற போலீஸ்காரர்கூடச் சிரித்தார். துபாஷி அதை மலாயில் எடுத்துச் சொன்னதும், "பாண்டாய் புடாக் இனி", கெட்டிக்காரப் பையன், என்று மேஜிஸ்திரேட்டும் சிரித்தார். அப்பாவின் முகம் பூரித்துப்போனது. சிரிப்பு அடங்கியதும் துபாஷி பெரியம்மா பக்கம் திரும்பி, நீங்க சொல்லுங்கம்மா என்றார்.

"அவன் சொல்றதுதாங்க சரி" என்றாள் பெரியம்மா. காட்டிய இடத்தில் கட்டைவிரலை உருட்டி ரேகை வைத்தாள்.

பின்கட்டு அறையில் ஒரு கிராணி சூராட்டைத் திருத்தினார். சிவப்பு மையால் இரண்டு பெயர்களை நீளமாக அடித்து, மேலே சிறிய எழுத்தில் அப்பா பெயரையும் அம்மா பெயரையும் எழுதி, முத்திரை குத்தினார். அப்பா அதை வாங்கி மடிக்கப் போனபோது பெரியம்மா கிட்டே வந்தாள்.

"இதுல எதுங்க என் பேரு?"

கிராணி சிவப்புக்கோட்டுக்குக் கீழே ஓரிடத்தில் விரலை வைத்தார். அவர் விரலை எடுத்ததும் பெரியம்மா அதே இடத்தில் தன் விரலை வைத்தாள். வைத்தவள் எடுக்கவில்லை.

"அதான் அடிச்சாச்சே! வா பெரியம்மா, ஆபீஸ் சாத்திருவாங்க" என்று நான் அவள் கையைப் பிடித்து இழுத்தேன்.

இடம் கிடைத்தது. படித்தேன், நானும் கிராணி ஆனேன், எனக்கும் ஒரு பியூன் காகிதம் கொண்டுவந்து கொடுத்தார். கோர்ட்டிலேயே வாயைத் திறந்து பேசி இடத்தைப் பிடித்தவன் என்று அப்பா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் என்னைப் பற்றிச் சொல்வார். நானும் அந்தக் கதையைப் பல வருஷம் பெருமையாகவே சொல்லிச் சிரிக்கவைத்திருக்கிறேன். ஒருநாள் என் மகளின் பிறப்பைப் பதிவுசெய்யப் போய், தாய் பெயர் என்ன என்று அங்கே கேட்டபோதுதான் எனக்குச் சுருக்கென்றது. அன்று துபாஷி கேட்டது என்னை இல்லை, பெரியம்மாவை. எட்டு வருஷம் ஒரு காகிதத்தில் மட்டும் தாயாக இருந்தவள், இல்லை என்று தன் வாயால் சொல்வதற்கு இன்னும் ஒரு நிமிஷம் கேட்டுக்கொண்டு நின்றாள். அந்த ஒரு நிமிஷத்தை நான் அவளுக்குக் கொடுக்கவில்லை. எனக்குப் பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டிருந்தது.