தெற்குச் சுவர்

காசியம்மாள் வீடு கட்டிய கதையை யாராவது கேட்டால் கடையில் நின்றபடியே எதிரே கையைக் காட்டுவேன். செங்கம் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் எங்கள் தெருவில், என் மளிகைக் கடைக்கு நேர் எதிரே அவளுடைய மனை. ஆசிரமத்துப் பக்கம் வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் அறைகளைப் பெருக்கித் துடைத்துச் சேர்த்த காசில் வாங்கிய இடம். மனை என்று சொல்வது மரியாதைக்குத்தான். இரண்டு மாட்டு வண்டியை அவிழ்த்துவிட்டால் மூன்றாவதற்கு இடமிருக்காது.

மேஸ்திரியைக் கூப்பிடும் முன் அவளே வீட்டைத் தரையில் கோலமாவால் வரைந்தாள். முன்னால் ஒரு கூடம், பின்னால் ஓர் அறை. கோட்டுக்குள் படுத்துப் பார்ப்பாள், புரண்டு பார்ப்பாள், எழுந்து ஒரு கோட்டைக் காலால் அழிப்பாள். புருஷன் வேணுவையும் பக்கத்தில் படுக்கச் சொன்னாள். பஸ் ஸ்டாண்டில் பழ வண்டி தள்ளுகிற மனுஷன், பட்டப்பகலில் நடுமனையில் படுத்துக்கொண்டு வெட்கத்தில் துண்டால் முகத்தை மூடிக்கொண்டான். மகள் பொன்னி தாவணியை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பு என் காதை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது.

கோட்டில் இரண்டு இடைவெளி விட்டிருந்தாள். ஒன்று வடக்கே, அண்ணாமலையைப் பார்த்த தெருவாசல். இன்னொன்று பின்னறையில், தெற்கே. அங்கேதான் வினை பிடித்தது.

தொண்ணூற்றாறு, தொண்ணூற்றேழில் ஊரெங்கும் வாஸ்துக் காய்ச்சல். நன்றாயிருந்த வீட்டை இடித்துக் கக்கூசை இடம் மாற்றியவர்களை எனக்குத் தெரியும். வேணுவும் ஒருவனைக் கூட்டிவந்தான். மஞ்சள் பையும் திசைகாட்டியுமாக வந்த அந்த மகானுபாவன் கோலமாவை மிதித்துக்கொண்டு நின்றான்.

"தெற்கால வாசல் வெச்சா எமனுக்கு வெத்தல பாக்கு வெச்ச மாதிரி. வீட்ல பொண்ணு இருக்குது இல்ல?"

அந்தக் கடைசி வார்த்தை போதும். வேணுவுக்குப் பொன்னி என்றால் உயிர்.

"தெற்கால கதவு வாணாம்மே," என்றான் அன்று மாலை.

"எலிப்பொறிக்குத்தான்யா ஒரே வாசல் இருக்கும்."

"செலவும் கம்மியாவும். ஒரு நிலை, ஒரு கதவு மிச்சம்."

செலவு என்றதும் அவள் தெற்குக் கோட்டின் இடைவெளியைக் கோலமாவால் மூடினாள். ஆனால் காசியம்மாள் விட்ட மாதிரி இருப்பாளே தவிர விடமாட்டாள். வேணு வண்டியோடு போன நேரத்தில் கருப்பன் மேஸ்திரியை என் கடை வாசலில் பிடித்தாள்.

"மேல சுவரைத் தாங்க லிண்டல் போட்டுடு மேஸ்திரி. கீழ கதவு அளவுக்கு மட்டும் சிமெண்ட் இல்லாம மண்ணுல கல்லை அடுக்கி, மேலாக்க சுண்ணாம்பு பூசிடு. கையில காசு வந்தா ஒதைச்சுத் தள்ளிட்டுக் கதவு வெச்சுக்கறேன்."

"அண்ணனுக்குத் தெரிஞ்சா?"

"நீ சொன்னாத்தான் தெரியும்."

வீடு எழும்பியது. பின்னறைக்கு ஓடு போட்டார்கள். கூடத்துக்குக் காசு பற்றவில்லை, கீற்று வேய்ந்தார்கள். ஜன்னலுக்கும் வழியில்லை. பின்னறைக் காற்றுக்கு ஓட்டுக்குக் கீழே இரண்டு செங்கல் அளவு சந்து, அவ்வளவுதான்.

தொண்ணூற்றொன்பது ஐப்பசியில் பிடித்த மழை தெற்குச் சுவரை ஊறப்போட்டது. உள்ளிருந்த மண் இளகி, மேல்பூச்சு வெடித்தது. கீழிருந்து மேலே ஒரு கோடு. சற்றுத் தள்ளி இன்னொரு கோடு. மேலே குறுக்காக ஒன்று. வெறும் சுவரில் ஒரு வாசல் தன்னைத்தானே வரைந்துகொண்டு நின்றது.

கீழ்பென்னாத்தூரில் வாழ்க்கைப்பட்ட பொன்னி, தலைப்பிரசவத்துக்கு வந்து நிறைமாதமாக அந்த அறையில்தான் படுத்திருந்தாள். வேணு கோடுகளைப் பார்த்தான், அவள் வயிற்றைப் பார்த்தான். எமன் தனக்கு வழி கிழிக்கிறான் என்றே நினைத்துவிட்டான். வாஸ்துக்காரனிடம் ஓடினான். "ஒடனே அடை," என்று அவன் சொல்லியனுப்பினான்.

காசியம்மாள் வேலைக்குப் போன பகலில், வேணு வீட்டுக்குப் பின்னாலிருந்த சந்தில் உட்கார்ந்து செங்கல் இடுக்கிலிருந்த மண்ணைச் சுரண்டி எடுத்தான். கெட்டிச் சிமெண்ட்டை அடைத்தான், மேலேயும் கனமாகப் பூசினான். என்னவென்று அவள் கேட்டதற்கு, "விரிசலுக்குச் சுண்ணாம்பு பூசினேன்," என்றான். அவளும் கிண்டவில்லை. கிண்டினால் அவள் குட்டு அல்லவா உடையும்? அவன் பொய் அவனிடம், அவள் பொய் அவளிடம் என்று இருவரும் சும்மா இருந்துவிட்டார்கள். பிற்பாடு வேணு சொல்லி அழுதுதான் எனக்கு இது தெரியும்.

பெண் குழந்தை பிறந்தது. தீட்டுக் கழியுமுன் கார்த்திகை தீபம் வந்துவிட்டது. பிள்ளை பெற்றவள் விளக்கைத் தொடக்கூடாதென்று பொன்னி குழந்தையோடு பின்னறையிலேயே இருந்தாள். மழை விட்டுச் சில நாள் நல்ல வெயில், கீற்று காய்ந்து சருகாகியிருந்தது.

ஆறு மணிக்கு மலையுச்சியில் சுடர் தெரிந்தது. "அண்ணாமலைக்கு அரோகரா!" தெருவே வடக்கே திரும்பிக் கும்பிட்டது. யாரோ கயிற்றில் நெருப்புப் பொட்டலம் கட்டி மாவலி சுற்றினார்கள். கரித்தூள் பொறிபொறியாகப் பறந்தது அழகாகத்தான் இருந்தது. எந்தப் பொறி எங்கே விழுந்தது என்று யார் பார்த்தார்கள்? காசியம்மாள் வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எல்லோரும் நின்றோம். என் பிடரியில் சூடு அடித்தது. திரும்பினேன். கூடம் முழுக்க எரிந்துகொண்டிருந்தது. பொன்னி எத்தனை நேரமாகக் கத்தினாளோ, எங்கள் அரோகராவில் கேட்கவில்லை.

வேணு நெருப்புக்குள்ளேயே ஓடினான். தலைமுடி பொசுங்க அவனை இழுத்துப் போட்டோம். காசியம்மாள் அழவில்லை. என் கடைக் கடப்பாரையைப் பறித்துக்கொண்டு பின்சந்துக்குப் பாய்ந்தாள். "மண்ணுதான், ஒதைச்சா உழுந்துடும், மண்ணுதான்" என்று கத்திக்கொண்டே ஓடினாள்.

முதல் குத்தில் கடப்பாரை தெறித்தது. அவள் சுவரைப் பார்த்தாள். பிறகு பின்னால் வந்த வேணுவைப் பார்த்தாள்.

"சிமெண்ட்டு," என்றான் அவன். "நாந்தாம்மே பூசினேன். பொண்ணு நல்லாருக்கணும்னு."

அவள் மறுபடி குத்தினாள். அவள் கை ஓய்ந்ததும் நான் வாங்கிக் குத்தினேன், வேணு விரல் நகம் பிய்யக் கல்லைப் பறித்தான். முறம் அளவுக்கு ஓட்டை விழுந்தது. புகையோடு புகையாக இரண்டு கைகள் வெளியே வந்தன. கைகளில் பழம்புடவை சுற்றிய குழந்தை.

"அம்மா, வாங்கிட்டியா?"

"வாங்கிட்டேன்டி. தலைய வெளிய உடு, இழுக்கறேன்!"

அந்நேரம் பின்னறை ஓடு சரிந்தது. அதற்குப் பிறகு உள்ளிருந்து குரல் வரவில்லை.

மறுநாள் வேணு மிச்சச் சுவரையும் தன் கையாலேயே உடைத்தான். அந்த வாசலுக்கு இன்றுவரை கதவு போடவில்லை. நாய் வரும், போகும், காசியம்மாள் விரட்டமாட்டாள். எமனுக்குத் தெற்கு வாசல் தேவைப்படவில்லை, நாங்கள் கும்பிட்டுக்கொண்டு நின்ற வடக்கிலிருந்தே வந்துவிட்டான். அந்த வாஸ்துக்காரன் இன்னும் தொழில் நடத்துகிறான். என் கடையில் அவனுக்கு வெற்றிலை கிடையாது.

குழந்தைக்கு சினேகா என்று பெயர், இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். தீபத்தன்று தெருவே மலையைப் பார்க்கும்போது காசியம்மாள் அவளை இழுத்துக்கொண்டு பின்சந்துக்குப் போய், மலைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிடுவாள். போன தீபத்துக்கு நானும் அங்கே போயிருந்தேன்.

"அம்மா, மலையில ஏத்திட்டாங்களா?" என்று கேட்டாள் குழந்தை. பாட்டியைத்தான் அம்மா என்று கூப்பிடுகிறது.

"ஏத்திட்டாங்க," என்றாள் காசியம்மாள், வீட்டையே பார்த்துக்கொண்டு. "நீ உள்ள போவாத. வெளியவே இரு."