கெண்டை மேல் மெழுகுக் கட்டி

அந்த மார்கழியில் என் குட்டையில் வளர்த்த கெண்டை மேலெல்லாம் வெள்ளை வெள்ளையாகக் கட்டி. மெழுகுவர்த்தி சொட்டி உறைந்த மாதிரி. பார்த்ததுமே யார் வேலை என்று முடிவு கட்டிவிட்டேன். ஆனைக்குட்டம் பக்கம் என் குட்டையை ஒட்டித்தான் தங்கச்சி மாப்பிள்ளையின் பட்டாசு ஷெட். சாயங்காலமானால் அவன் ஆட்கள் மருந்து அப்பிய கைகால்களை என் தண்ணீரில்தான் கழுவுவார்கள். தண்ணீர் மேல் வெள்ளிப் படலம் மினுங்கும்.

"நம்ம ஆளுக கை களுவுனதுக்கா மச்சான் மீனுக்குக் கட்டி வரும்?" என்று, நான் போய்க் கேட்டதற்கு மாப்பிள்ளை சிரித்தான். அந்தச் சிரிப்புதான் எனக்கு வயிற்றெரிச்சல். இவனை விடுவதில்லை என்று கறுவிக்கொண்டேன்.

குட்டையைச் சுற்றி முள் வெட்டிப் போட்டேன். மீனைப் பிடித்துப் பிடித்து, பிளேடால் கட்டியைச் சுரண்டி, மஞ்சளும் உப்பும் அப்பித் திரும்ப விட்டேன். சுரண்டியவை புண்ணாகி ஒவ்வொன்றாக மிதந்தன. ஒவ்வொன்றுக்கும் அவனைத்தான் திட்டினேன்.

தை மாதம் அவன் மகள் பெரியவளானாள். மாமன் கொண்டுவரும் சேலையைத்தான் சடங்கில் பிள்ளை உடுத்த வேண்டும். அவளுக்கு நான் ஒரே மாமன். பட்டுச்சேலைகூட எடுத்து வைத்திருந்தேன்.

"வந்துருங்கண்ணே, பிள்ளை உங்களைத்தான் கேக்குது" என்று தங்கச்சி வாசலில் நின்று அழுதாள்.

"போயி ஒம் புருசன்ட்ட என் மீனைக் கேளு" என்றேன்.

சடங்கன்று வீட்டைவிட்டு அசையவில்லை. பிள்ளையை மணையில் உட்காரவைத்து மத்தியானம்வரை எனக்காகக் காத்திருந்தார்களாம். கேட்டபோது இனித்தது, பொய் சொல்வானேன்.

அடுத்த வாரம் மீன்வளத்துறை ஆள் வந்தார். ஒரு கெண்டையைத் தூக்கித் தடவிப் பார்த்தார்.

"குஞ்சு எங்கன வாங்குனீக?"

கொடைக்கானல் பக்கம் என்றேன், பெருமையாக.

"அங்கனயிருந்தே ஒட்டிட்டு வந்த நோய். குளிருக்குத் தலைகாட்டும். இதுக்கு மருந்தே கெடையாது. வெயில் ஏறுனா தன்னால உதிர்ந்துரும். செத்ததெல்லாம் நீங்க சுரண்டுன புண்ணுலதான்."

பங்குனியில் அவர் சொன்னபடியே உதிர்ந்தது. ஊருக்கே தெரிந்தும் போயிற்று. தங்கச்சி வீட்டுப் பக்கம் போக எனக்குத்தான் முகமில்லை, போகவும் இல்லை.

நாலைந்து வருடம் கழித்துத் தன் கல்யாணப் பத்திரிகையோடு அந்தப் பிள்ளையே வந்தாள். சடங்குக்கு வாங்கியிருந்த பட்டுச்சேலையைப் பெட்டியிலிருந்து எடுத்து நீட்டினேன். வாங்கிப் பிரித்துப் பார்த்தாள். பழைய மடிப்பிலேயே திரும்ப மடித்தாள்.

"மீனெல்லாம் நல்லாயிருச்சா மாமா?"

"நல்லாயிருச்சும்மா."

"அது போதும் மாமா" என்று சேலையை என் மடியிலேயே வைத்துவிட்டுப் போனாள்.