வேண்டாம் என்றவர்களின் பட்டியல்

ஒருவர் "வேண்டாம்" என்று சொன்னால் அதை அப்படியே எழுதிக்கொள்வது நேர்மையா, அல்லது அவரைச் சரியாகக் கேட்காமல் விட்ட அவசரமா? கிள்ளானில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கையில் பேனாவோடு முப்பது பேருக்கு முன்னால் நின்றபோது இந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லியே ஆக வேண்டியிருந்தது. அதற்கு முந்தைய பத்து நிமிடங்களில் நான் மூன்று பெயர்களை அடித்திருந்தேன். மூன்றும் சட்டப்படி சரியாக அடிக்கப்பட்டவை. அந்தச் சட்டத்தை எழுதியதும் நான்தான்.

எங்கள் கட்சி பொதுத்தேர்தலில் தோற்று ஆறு வாரங்கள் ஆகியிருந்தன. தோற்றது என்பதைவிட, நின்ற இடங்களிலெல்லாம் மக்கள் எங்களை மரியாதையாக வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள் என்று சொல்வது பொருந்தும். தோல்விக்குப் பொறுப்பேற்றுக் கிளைத் தலைவர் பதவி விலகினார். பதினாறு ஆண்டுகள் தலைவராக இருந்தவர். நான் கிளையின் செயலாளர். வேலை தலைநகரின் பிரிக்பீல்ட்ஸில் ஒரு தொண்டு நிறுவனத்தில். கட்சி வேலைக்கு கொமியூட்டர் ரயில் ஏறிக் கிள்ளானுக்கு வருவேன். சமூகவியல் படித்தவள் என்பதால் விதிமுறை, அறிக்கை, கூட்டக்குறிப்பு என்று யாருக்கும் பிடிக்காத வேலைகள் எல்லாம் எனக்கே வந்து சேர்ந்தன. உண்மையைச் சொன்னால், எனக்கு அவை பிடித்திருந்தன.

எங்கள் கிளை அறை ஒரு கடைவீட்டின் மாடியில் இருக்கிறது. கீழே பூக்கடை. புதன்கிழமை மாலைகளில் துணைத் தலைவரான அக்கா அங்கே ஒரு மேசை போட்டு உட்காருவார். பகலில் துறைமுகத்துக்கு அருகே சரக்கு அனுப்பும் நிறுவனமொன்றில் குமாஸ்தா வேலை பார்ப்பவர். விண்ணப்பப் பாரங்களைப் பார்த்துப் பயப்படாத மனிதர். பிறப்புப் பத்திரம் தொலைந்தவர்கள், குடியுரிமை இல்லாதவர்களுக்குத் தரும் சிவப்பு அடையாள அட்டையோடு நாற்பது வயதைக் கடந்தவர்கள், குடியுரிமைக்கு மனுப் போட்டுக் காத்திருப்பவர்கள் என்று வருவோருக்கெல்லாம் அவர் பாரம் நிரப்பித் தருவார். கிளையின் பெயரில் ஓர் ஆதரவுக் கடிதமும் தட்டச்சு செய்வார். அந்தக் கடிதத்தால் மட்டும் எதுவும் நடந்துவிடாது. ஆனாலும் நேர்காணலுக்குப் போகிறவரின் கோப்பில் அது இருந்தால் அவருக்குக் கொஞ்சம் தைரியம் வரும்.

கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டியவர் கிளைத் தலைவர். முன்னாள் தலைவர் கெட்டவர் அல்லர்; மறதிக்காரர். கடிதங்கள் அவருடைய காரில் வாரக்கணக்கில் பயணம் செய்யும். ஒரு கடிதம் அவரோடு ஈப்போவில் ஒரு கல்யாணத்துக்குப் போய், கையெழுத்து இல்லாமலேயே திரும்பி வந்தது. அவர் விலகியபின் அந்தக் கையெழுத்தும் இல்லாமல் போயிற்று. அக்காவின் கோப்பில் ஏழு கடிதங்கள் காத்திருந்தன. மேலே இருந்தது பக்கத்து ஊரான மேருவில் கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒரு பெண்ணின் மகளுக்கானது. பிள்ளைக்குப் பதினேழு வயது, குடியுரிமை இல்லை, மூன்று வாரத்தில் நேர்காணல்.

"தலைவர் யாரா வேணா இருக்கட்டும் தங்கச்சி. பேனா எடுக்குற ஆளா இருந்தா போதும்" என்று அக்கா என்னிடம் சொன்னார். நான் அதையும் அப்படியே எழுதிக்கொண்டேன். மனத்தில்தான்.

இங்கே எங்கள் கிளையின் ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். தலைவர் பதவிக்கு ஒருவரின் பெயரை முன்மொழிந்தால், அவர் உடனே மறுக்க வேண்டும். முன்மொழிந்தவர் வற்புறுத்துவார். இரண்டாம் முறையும் மறுப்பு. இம்முறை உடல்நிலையோ வேலைப்பளுவோ காரணமாக வரும். பின்வரிசையிலிருந்து யாராவது "நீங்க இல்லன்னா யாரு" என்பார்கள். மூன்றாம் முறை அவர் பெருமூச்சு விட்டு, உறுப்பினர்களின் விருப்பத்துக்குத் தலைவணங்குவார். முதல் தடவையே சரி என்று சொல்பவரைப் பதவிக்கு அலைகிறவர் என்று பேசுவார்கள். முன்னாள் தலைவரும் இப்படித்தான் இரண்டு முறை மறுத்துவிட்டு வந்தார். பிறகு பதினாறு ஆண்டுகள் இறங்கவில்லை.

தோல்வியைப் பற்றி நான் எழுதிய ஒன்பது பக்க ஆய்வறிக்கையில், மனத்தில் இருப்பதை நேராகச் சொல்லாத பழக்கத்தை நம் பலவீனங்களில் ஒன்றாகக் குறிப்பிட்டிருந்தேன். எனவே தலைவர் தேர்தலுக்கு ஒரு பக்கத்தில் புதிய விதிகள் எழுதினேன். முன்மொழியப்பட்டவர் மறுத்தால் பெயர் நீக்கப்படும், மறுபடி கேட்கப்படாது. மறுக்காதவர் ஏற்றுக்கொண்டவராகக் கருதப்படுவார். வாட்ஸ்அப் குழுவில் அனுப்பினேன். இருபத்தாறு கட்டைவிரல்கள் வந்தன. கோப்பை யாரும் திறக்கவில்லை என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒன்பது பக்க அறிக்கைக்கும் அதே கட்டைவிரல்கள்தான் வந்திருந்தன.

கூட்டத்தன்று எல்லோரும் உற்சாகமாகவே வந்திருந்தார்கள். தோற்ற கட்சியில் ஒரு சுகம் உண்டு. யாரிடமும் யாருக்கும் வேலை ஆக வேண்டியதில்லை. கூடாரமும் நாற்காலியும் வாடகைக்கு விடும் அண்ணன் தம் லோரியில் நாற்காலிகளைக் கொண்டுவந்து போட்டார். முன்னாள் தலைவர் முதல் வரிசையில் தம் பழைய இடத்தில் உட்கார்ந்தார். மூலையில் ஒரு மேசையின்மேல் துணி மூடிய பெரிய பிளாஸ்டிக் டப்பா ஒன்று இருந்தது. அதன்மேல் என் கைப்பையை வைத்துவிட்டு வேலையைத் தொடங்கினேன்.

முதலில் மரியாதைக்காக முன்னாள் தலைவரின் பெயரை ஒருவர் முன்மொழிந்தார். அவர் பாதி எழுந்து, கைகூப்பி, போதும் என்றார். நான் நன்றி சொல்லிப் பெயரை அடித்தேன். அவர் உட்காரவில்லை, இரண்டாவது அழைப்புக்காகக் காத்திருந்தார். அது வரவில்லை. அடுத்து காப்புறுதி முகவரான ஓர் அங்கிளின் பெயர். அவரும் சிரித்துக்கொண்டே மறுத்தார், அடித்தேன். மூன்றாவதாக அக்காவின் பெயர் வந்தது.

"ஐயோ, நான் வேணாம்லா. வேற யாரையாச்சும் பாருங்க" என்றார் அக்கா, தரையைப் பார்த்தபடி.

நான் அடித்தேன். அடித்த கோடு நேராக இருந்ததைக்கூட நினைவில் வைத்திருக்கிறேன். அக்கா நிமிர்ந்து என் பேனாவைப் பார்த்தார். மடியில் இருந்த கோப்பை மூடினார். அறையில் ஏதோ ஒரு சத்தம் குறைந்தது போலிருந்தது. கூட்டம் ஒழுங்காக நடக்கிறது என்று நான் அதற்குப் பொருள் கொண்டேன்.

பதறிப்போன ஒருவர் கூடார அண்ணனின் பெயரைச் சொன்னார். இன்னொருவர் வழிமொழிந்தார். அண்ணன் அப்போது கீழே இருந்தார். மீ கோரேங் நூடுல்ஸ் விற்பவரின் வேன் வெளியேற முடியாதபடி அவருடைய லோரி நின்றிருந்ததால் அதை நகர்த்தப் போயிருந்தார். நான் மூன்று முறை அவர் பெயரை அழைத்தேன். மறுப்பு வரவில்லை. வேறு பெயர்களும் வரவில்லை. விதியைப் படித்துக் காட்டிவிட்டு, அவர் போட்டியின்றித் தேர்ந்தெடுக்கப்பட்டதாக அறிவித்தேன். பழக்க தோஷத்தால் ஒருவர் கைதட்டினார். தனியாகத் தட்டுவது தெரிந்ததும் நிறுத்திக்கொண்டார்.

அண்ணன் சாவியைச் சுழற்றியபடி மாடியேறி வந்தார். "என்னலா, எல்லாரும் என்னையே பாக்குறீங்க? லோரிய எடுத்துட்டேன்."

நான் விவரத்தைச் சொன்னேன். அவர் ஒரு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். பிறகு நிதானமாக, "தங்கச்சி, நான் வேணாம். எழுதிக்குங்க. இது நெஜ வேணாம்" என்றார். "எனக்கு சனி ஞாயிறுல மூணு கல்யாணம். தலைவரா நான் எங்க நிக்கிறது, கூடாரத்துக்கு உள்ளயா வெளியயா?"

அறை சிரித்தது. நான் சிரிக்கவில்லை. மறுத்தவரின் பெயரை அடிக்க வேண்டும் என்பது என் விதி. அடித்தால் யாருமே மிஞ்ச மாட்டார்கள். முப்பது பேர் கொண்ட கட்சிக் கிளை ஒன்றை ஒரே காலையில் தலைமையற்றதாக்கிய பெருமை எனக்குச் சேரும். அந்த ஏழு கடிதங்கள் எட்டாகும்.

அண்ணன் மூலை மேசையைக் காட்டினார். "அந்த டப்பாவ நீங்க தொறந்து பாத்தீங்களா? காலையில அக்கா காடியிலேருந்து நான்தான் தூக்கிட்டு வந்தேன், கையே போச்சு. நாப்பது பேருக்குக் கேசரி. வேணாம்னு சொல்ல வர்றவங்க விடியக்காலையில எழுந்து கேசரி கிண்டுவாங்களா?"

எல்லோரும் டப்பாவைப் பார்த்தார்கள். அதன்மேல் என் கைப்பை இருந்தது. நான் போய் அதை எடுத்தேன். அக்கா யாரையும் பார்க்காமல் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டிருந்தார். அது புதுச் சேலை என்பதை அப்போதுதான் கவனித்தேன். அவர் அந்தப் பதவியை விரும்பினார். அறையில் இருந்த எல்லோருக்கும் அது தெரிந்திருந்தது. நேர்ப்பேச்சின் அவசியம் பற்றி ஒன்பது பக்கம் எழுதிய எனக்கு மட்டும் தெரியவில்லை.

அக்காவை மறுபடி கேட்டால் போதும் என்று பலர் சொன்னார்கள். எனக்கு அது அவ்வளவு எளிதாகத் தோன்றவில்லை. ஒருவரை மறுபடி கேட்டால் எல்லோரையும் கேட்க வேண்டும். முன்னாள் தலைவர் இன்னும் காத்திருக்கிறார் என்பதை அவர் உட்கார்ந்திருந்த விதமே சொல்லியது. இரண்டாவது அழைப்பு வந்தால் ஏற்பார். எங்கள் கிளையில் எப்போதும் கைதூக்கித்தான் வாக்களிப்போம். பதினாறு ஆண்டுகள் தங்கள் வீட்டுச் சாவுக்கும் கல்யாணத்துக்கும் வந்த மனிதரின் முகத்துக்கு நேரே எத்தனை பேர் கையைத் தூக்காமல் இருப்பார்கள்? அவரைக் கேட்காமல் விட்டால் நான் ஒருவருக்காக விதியை வளைத்தவள். கேட்டால் கடிதங்கள் மறுபடி ஈப்போவுக்குப் போகக்கூடும்.

என் விதி தவறு என்று கூட்டத்தில் சொன்னேன். அதை நீக்கிவிட்டு எல்லோரையும் இரண்டாம் முறை கேட்கலாம் என்றும், வாக்கைக் கைதூக்காமல் சீட்டில் எழுதிப் போடலாம் என்றும் முன்மொழிந்தேன். முன்னாள் தலைவர்தான் முதலில் தலையசைத்தார். சீட்டு முறையால் யாருக்கு நஷ்டம் என்பது அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. அவர்மேல் எனக்கு மரியாதை கூடியது அந்தத் தலையசைப்பில்தான்.

காப்புறுதி அங்கிள் இரண்டாம் முறையும் மறுத்துவிட்டு, நிஜமாகவே நிம்மதியாக உட்கார்ந்தார். முன்னாள் தலைவர், உறுப்பினர்கள் விரும்பினால் நிற்கத் தடையில்லை என்றார். அக்காவிடம் திரும்பினேன். மூன்றாவது அழைப்பு வரை போகும் என்று நினைத்து, பின்வரிசையில் ஒருவர் "நீங்க இல்லன்னா யாரு" என்பதற்குத் தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

அக்கா எழுந்து நின்றார். "நிக்கிறேன்" என்றார். பிறகு, யாரும் கேட்காமலே, "எனக்கு வேணும். ஏழு கடிதாசி கையில வச்சிருக்கேன். கையெழுத்துக்கு இனி நான் யார் காடி பின்னாலயும் ஓட முடியாது."

எங்கள் அறையில் யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. முன்னாள் தலைவர் மெல்லச் சிரித்தார். "ஈப்போ கடிதாசிய இன்னும் மறக்கல நீ" என்றார். "ஆமாண்ணே, மறக்கல" என்றார் அக்கா.

வாக்குச் சீட்டுக்குத் தாள் இல்லை. அலமாரியில் தேர்தலில் மிஞ்சிய துண்டறிக்கைகள் கட்டுக்கட்டாக இருந்தன. பின்பக்கம் வெள்ளை. தோற்ற எங்கள் வேட்பாளரின் முகத்தை நான்காக வெட்டி விநியோகித்தோம். ஒருவருக்கு ஒரு காது, இன்னொருவருக்குப் பாதிச் சிரிப்பு. பெட்டியும் இல்லை. டப்பா ஒன்றுதான் வழி என்றார் கூடார அண்ணன். ஆகவே முதலில் கேசரியைச் சாப்பிட்டு முடிக்க வேண்டியதாயிற்று. முடிவு தெரியுமுன்பே வெற்றி இனிப்பைத் தின்ற தேர்தல் வேறு எங்கும் நடந்திருக்குமா என்று தெரியவில்லை. முன்னாள் தலைவர் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார். அக்கா சாப்பிடவில்லை, கோப்பைப் பிடித்தபடி ஜன்னலோரம் நின்றார்.

டப்பாவைக் கழுவித் துடைத்தும் நெய் முழுவதும் போகவில்லை. சீட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. ஒவ்வொன்றாகப் பிரித்து, இரு தரப்பும் பார்க்கும்படி எண்ணினேன். அக்கா நான்கு வாக்கு வித்தியாசத்தில் வென்றார். ஒரு சீட்டில் "கேசரி நல்லா இருக்கு" என்று மட்டும் எழுதியிருந்ததால் அதைச் செல்லாதது என்று ஒதுக்கினேன். கீழே பூக்கடையில் யாருக்கென்று சொல்லாமல் ஆர்டர் கொடுத்திருந்த மாலையை எடுத்துவந்து முன்னாள் தலைவரே போட்டார். மாலை அசைவதற்குள் அக்கா மேசையில் உட்கார்ந்து கோப்பைத் திறந்தார். மேலே இருந்த கடிதத்தில் முதல் கையெழுத்து விழுந்தது.

என் ஒரு பக்க விதியை நாங்கள் மாற்றி எழுதினோம். இப்போது போட்டியிட விரும்புகிறவர்கள் ஒரு வாரத்துக்கு முன்பே எழுதிக் கொடுக்கிறார்கள்; வாக்குப்பதிவு சீட்டில்தான். மேருவிலிருந்து வந்த அந்தப் பிள்ளை கடிதத்தோடு நேர்காணலுக்குப் போய்வந்தாள். பதில் இன்னும் வரவில்லை. புதன்கிழமை தட்டச்சு செய்யும் கடிதங்களில் அன்றைக்கே கையெழுத்து விழுகிறது. எங்கள் கட்சி அடுத்து வந்த இடைத்தேர்தலிலும் தோற்றது.