மேப்பிளுக்கு மேட்சான புடவை

கடல் கடந்து ரொக்ஸ்பரோவில் குடியிருந்த எஞ்சினியர் மணிவாசகத்துக்கு, 2004-இல் டிஜிட்டல் கேமரா வாங்கியதும் தலைகால் புரியவில்லை. அதுவரை இலையுதிர் காலம் என்றால் கொல்லையில் குப்பை வாருகிற காலம். இப்போது அது கலையாகிவிட்டது.

அக்டோபர் பிறந்ததும் மனைவி அம்புஜத்தின் அலமாரியைக் குடைந்தார். கையில் சிவந்து பழுத்த ஒரு மேப்பிள் இலை. ரவிக்கைத் துணிக்கு மேட்சிங் பார்ப்பதுபோல அதை ஒவ்வொரு பட்டுப்புடவையிலும் வைத்துப் பார்த்ததில், அரக்குப் பட்டு தேறியது. ஞாயிற்றுக்கிழமை சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ மேப்பிள் தோப்புக்குப் போனார்கள். தன் வழுக்கைக்குக் கம்பளித் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு, அவளை மட்டும் ஸ்வெட்டரைக் கழற்றச் சொன்னார் அந்த மகானுபாவர். குளிரில் அவள் பல் தந்தியடித்ததைப் பார்த்து, "சிரிப்பு நேச்சுரலா வருது" என்று மெச்சவும் செய்தார்.

படங்கள் ஈமெயிலில் கும்பகோணம் போயின. மறுநாளே அவருடைய தங்கை போன் செய்தாள்.

"மரமெல்லாம் ஜோரா இருக்குண்ணே. அண்ணி ஏன் வரலை?"

மணிவாசகம் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். அரக்கு இலைகளுக்கு நடுவே ஒரு மூக்குத்தி மட்டும் மின்னியது.

அடுத்த ஞாயிறு கேமராவை அம்புஜமே எடுத்துக்கொண்டாள். தோப்பு முழுக்க அவரை நடத்திக் கூட்டிப்போய், ஓர் இலைகூட மிச்சமில்லாமல் உதிர்ந்து நின்ற மரத்தடியில் நிறுத்தினாள்.

"தொப்பியைக் கழட்டுங்க."

"எதுக்கு? குளிருதே!"

"கழட்டினாத்தாங்க மேட்ச் ஆகும்."