குழலில் பதிந்த கண்

மன்னார் றெக்ஸ் சரியான சந்தேகப் பிராணி. பிராங்பேர்ட்டில் பால் வாங்கினாலும் மூன்று முறை திகதி பார்ப்பார். குறிசுடும் கழகத்தில் ஒரு வருடம் காற்றுத் துப்பாக்கி மட்டும் பிடித்தவர், 1996இல் சொந்தமாக ஒரு றைபிள் பார்க்க மனைவி சிசிலியோடு கடைக்குப் போனார்.

போல்ட் என்ற அடைப்புத் தண்டைக் கையால் இழுத்துச் சுடும் பழைய றைபிள் ஒன்று மலிவாக இருந்தது.

"இவ்வளவு மலிவெண்டால் எங்கேயோ பழுதிருக்கு" என்று முணுமுணுத்தார்.

ஒரே இழுப்பில் போல்டைக் கழற்றினார். குழலின் பின்வாயில் பெருவிரல் நகத்தை வைத்து, அதில் பட்டுத் தெறித்த வெளிச்சத்தில் மறுமுனை வழியே உள்ளே துருவோ தேய்வோ இருக்கிறதா என்று பார்த்தார்.

"ஊரில துவக்கைத் தொட்டதே இல்லையெண்டு அகதி அசூல் விசாரணையில சொன்னனீங்கள். எனக்கும் அதைத்தான் சொன்னனீங்கள்" என்றாள் சிசிலி. "இதை எங்க பழகினனீங்கள்?"

றெக்ஸ் குழலிலிருந்து கண்ணை எடுக்கவேயில்லை.