முதலில் தாயைக் காட்டுங்கள்

என் முதல் நாய்க்குட்டி எங்கள் வீட்டில் ஒன்பது நாள்தான் இருந்தது. மாமா அதைச் சந்தையில் வாங்கி வந்திருந்தார். பால் மறக்குமுன்பே தாயிடமிருந்து பிரித்த குட்டி, தடுப்பூசியும் போடவில்லை என்று மிருக வைத்தியர் சொன்னபோது அது கண்ணை மூடிவிட்டிருந்தது. இனி இந்த வீட்டில் நாயே இல்லை என்றார் அப்பா.

அவர் மனதை மாற்ற எனக்கு ஒரு வருடம் பிடித்தது. அதற்குள் மிருக வைத்தியரை நச்சரித்து, நல்ல குட்டியை அறியும் வழிகளை ஒரு கொப்பி நிறைய எழுதி வைத்திருந்தேன்.

புளியந்தீவில் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் பொமரேனியன் வளர்த்தார். அப்பாவும் நானும் போனோம். அனுபவசாலி என்ற முறையில் மாமாவும் வந்தார். போனவுடனேயே, உள்ளங்கையில் அசையாமல் கிடந்த ஆகச் சின்னக் குட்டியைத் தூக்கி, "இதுதான், பொம்மை மாதிரி இரிக்கு" என்றார்.

நான் கொப்பியை விரித்தேன். "முதல்ல தாயைக் காட்டுங்க டீச்சர்."

அப்பாவுக்கு வெட்கமாகிவிட்டது. டீச்சரோ என்னை நிமிர்ந்து பார்த்து, "வாங்க மகள்" என்று பின் விறாந்தைக்குக் கூட்டிப்போனார். தாய் நாய் வாலை ஆட்டிக்கொண்டு வந்து என் கையை நக்கியது.

குட்டிகளின் கண், காது, வயிறு, நடை எல்லாம் பார்த்தேன். சத்தத்துக்கு எது என்ன செய்கிறது என்று பார்க்க அப்பாவின் சாவிக்கொத்தை நிலத்தில் போட்டேன். ஒரு மண்ணிறக் குட்டி திடுக்கிட்டு ஓடி, உடனே திரும்பி வந்து சாவியைக் கடித்தது.

"இதுதான் எனக்கு!"

"சரியாத் தெரிஞ்செடுத்திட்டீங்க" என்றார் டீச்சர். " உங்கட மாமா தூக்கினதை நான் இப்ப ஆருக்கும் குடுக்கமாட்டன். அது வடிவாப் பால் குடிக்கல்ல, டொக்டர் பார்க்கிறார்."

மாமா அந்தக் குட்டியை மெதுவாகக் கீழே விட்டார். எனக்கு ஒரு முழம் வளர்ந்ததுபோல இருந்தது.

பிறகு டீச்சர் அப்பாவைக் கேள்வி கேட்டார். பகலில் வீட்டில் யார்? வேலியில் ஓட்டை இருக்கிறதா? பார்க்க முடியாமல் போனால் தன்னிடமே திருப்பித் தருவாரா? எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்ன அப்பா, தடுப்பூசி அட்டையை வாங்கும்போது ஒன்றே ஒன்று கேட்டார்.

"இது எவ்வளவு காலம் இரிக்கும் டீச்சர்?"

"நல்லாப் பார்த்தா பதினஞ்சு வருசம்."

கல்லடிப் பாலத்தில் ஓட்டோ போகும்போது குட்டியைத் தூக்கிப் பிடித்து வாவியில் நின்ற தோணிகளுக்கெல்லாம் காட்டினேன். மாமா, தான் பார்த்துத் தெரிந்தெடுத்த குட்டி என்று ஓட்டோக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அப்பா மட்டும் என்னையும் குட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். பத்து வயதில் பதினைந்து வருடம் என்றால் முடிவே இல்லாத காலம். அதற்குள் நான் படிக்கவும் வேலைக்கும் ஊரைவிட்டுப் போய்விடுவேன், கடைசியில் அதற்குச் சோறு பிசைந்து வைக்கப்போவது அவர்தான் என்பது எனக்கு அன்று விளங்கவில்லை.